ரஜூலா கப்பலின் எஞ்சிய சுவடுகள்

கடற்காற்றே அறியாத கரிசற் பூமியாகிய ஏழாயிரம்பண்ணையில் ஒரு கப்பலுக்கு இக்காட்சிப் பலகை எதற்கு என்று வியப்போர், தென்சீமையிலிருந்து மலேயாவுக்குப் பிழைக்கப் போனோரையும் பிழைத்துத் திரும்பினோரையும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற மார்க்கத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சுமந்த ‘ரஜூலா’வை நினைந்தால் ஐயம் தெளிவர். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்ற அந்நீராவிக் கப்பலின் தட்டுகளில், பெயரெழுதிய தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, பாயை விரித்து, குடும்பங் குடும்பமாய்ப் படுத்துக்கிடந்தவர்களே பிரயாணிகளில் பெரும்பான்மையோர். அறைகளின் சௌகரியம் சிலருக்கே வாய்த்தது. 1973-ல் இந்தியக் கப்பல் கழகம் அதனை வாங்கி ‘ரங்கத்’ எனப் பெயர் மாற்றியது. பின்னர் பம்பாயில் உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள்.

‘குயீன் மேரி’யை அமெரிக்காவின் லாங் பீச்சிலும், ‘ஹிகாவா மாரு’வை ஜப்பானின் யோகஹாமாவிலும் துறையில் நிறுத்திப் போற்றும் உலகில், நமது கப்பலுக்கு அப்பாக்கியம் கிட்டாதது வருந்தத்தக்கதே. ஆயினும், தங்கள் வீட்டுப் பரணில் பழைய பயணச்சீட்டோ, கடவுச்சீட்டோ, கப்பல் லேபிள் ஒட்டிய பெட்டியோ இருப்பின், அன்பர்கள் அதனைக் காயலான் கடைக்குப் போடாமல், இக்காட்சிக்கு இரவலாகவேனும் தந்துதவ வேண்டுகிறோம்.