வீட்டு வரி பில்லில் போலீசுக்கும் ஒரு பங்கு! இங்கிலாந்தில் காவல்துறைக்கு யார் பணம் தருகிறார்கள்?

லண்டனில் உங்கள் சொந்தக்காரர் யாராவது இருந்தால், ஒவ்வொரு ஆண்டும் வீட்டுக்கு வரும் 'கவுன்சில் டாக்ஸ்' பில்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். குப்பை அள்ளவும் தெருவிளக்குக்கும் மட்டுமில்லை, போலீசுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம் வசூலிக்கப்படுகிறது. உள்ளூர் காவல்துறையின் செலவில் ஒரு பகுதியை அந்த ஊர் வீடுகளே நேரடியாகக் கட்டுகின்றன. இது எப்படி நடக்கிறது? இதில் என்ன சிக்கல்?

பணம் வரும் இரண்டு வழிகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பகுதிவாரியாக 43 காவல் படைகள் இருக்கின்றன. இவற்றுக்குப் பணம் முக்கியமாக இரண்டு வழிகளில் வருகிறது.

ஒன்று, மத்திய அரசின் மானியம். மக்கள்தொகை, வறுமை போன்ற பல அம்சங்களை வைத்து ஒரு சூத்திரம்படி இது பிரிக்கப்படுகிறது. இன்னொன்று, கவுன்சில் டாக்ஸுடன் சேர்த்து வாங்கப்படும் 'பிரிசெப்ட்' என்ற போலீஸ் பங்கு.

இந்தப் பங்கு எவ்வளவு என்று முடிவு செய்வது யார்? பெரும்பாலான பகுதிகளில், 'போலீஸ் அண்ட் கிரைம் கமிஷனர்'. பெயரைப் பார்த்து போலீஸ் அதிகாரி என்று நினைக்க வேண்டாம். இவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். 2012-ல் தான் இந்தப் பதவிக்கு முதல் தேர்தல் நடந்தது. லண்டன், கிரேட்டர் மான்செஸ்டர் போன்ற இடங்களில் இந்த வேலையை மேயர் பார்க்கிறார்.

உங்கள் வீடு எந்தப் பிரிவு?

இங்கிலாந்தில் வீடுகளை 'ஏ' முதல் 'ஹெச்' வரை 8 பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். இன்றைய விலை கணக்கில் வராது. 1991 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலை போயிருக்கும் என்பதுதான் கணக்கு!

நடுவில் இருக்கும் 'டி' பிரிவுதான் அளவுகோல். 'டி' வீட்டுக்கு 14 பவுண்டு ஏறினால், 'ஏ' வீட்டுக்குச் சுமார் 9.33 பவுண்டு ஏறும். 'ஹெச்' வீட்டுக்கு 28 பவுண்டு.

சிக்கல் எங்கே?

இங்கேதான் விஷயமே இருக்கு. விலை அதிகமான வீடுகள் நிறைந்த ஊரில், வரியை ஏற்றினால் பணம் கொட்டும். 'ஏ', 'பி' வீடுகளே அதிகம் உள்ள ஊரில், அதே உயர்வுக்குக் கிடைப்பது குறைவு.

லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் வசதியான சர்ரே பகுதியில், காவல்துறை பட்ஜெட்டில் பாதிக்கும் மேல் கவுன்சில் டாக்ஸில் இருந்து வருகிறது. வடக்கே நார்தம்பிரியாவில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். மீதிக்கு அரசு மானியத்தை நம்பித்தான் இருக்க வேண்டும்.

அப்படின்னா, அரசு மானியத்தை 10 சதவீதம் வெட்டினால் என்ன ஆகும்? பாதிப் பணம் மானியமாக வரும் படைக்கு மொத்த பட்ஜெட்டில் 5 சதவீதம் போகும். 80 சதவீதம் மானியமாக வரும் படைக்கு 8 சதவீதம் போகும். வெட்டு ஒன்றுதான், ஆனால் அடி பலமாக விழுவது மானியத்தை நம்பியிருக்கும் ஊருக்கு.

இது வெறும் கணக்கு இல்லை. 2010-11க்கும் 2018-19க்கும் இடையில், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், மத்திய அரசு தந்த பணம் 30 சதவீதம் குறைந்தது என்று அந்நாட்டு தேசிய தணிக்கை அலுவலகம் சொன்னது. மொத்த நிதி 19 சதவீதம் குறைந்தது. இடைவெளியில் ஒரு பகுதியை உள்ளூர் வரி நிரப்பியது. அந்தக் காலத்தில் போலீசாரின் எண்ணிக்கை சுமார் 20,000 குறைந்தது. 2019-ல் புதிதாக 20,000 பேரை எடுப்போம் என்று பிரதமர் போரிஸ் ஜான்சன் அறிவித்தார்.

சூத்திரத்தை மாற்றலாமே?

2015-ல் முயற்சி செய்தார்கள். உள்துறை தப்பான தரவை வைத்துக் கணக்குப் போட்டது வெளியே வந்ததும், அந்த மாற்றம் அப்படியே நிறுத்தப்பட்டது.

இஷ்டத்துக்கு வரி ஏற்றலாமா?

இங்கிலாந்தில் முடியாது. ஒவ்வொரு ஆண்டும் அரசு ஒரு வரம்பு வைக்கும். 2025-26க்கு அது 'டி' வீட்டுக்கு 14 பவுண்டு. அதைத் தாண்டினால் உள்ளூர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தணும்.

2015 மே மாதம் பெட்ஃபோர்ட்ஷையர் கமிஷனர் அதைச் செய்தார். கூடுதல் போலீசாருக்காக 15.8 சதவீத உயர்வு கேட்டார். ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். உயர்வு ரத்தானது.

அடுத்து என்ன?

2028 மே மாதத்தோடு கமிஷனர் பதவியை ஒழிக்கப்போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. அந்தப் பொறுப்பு மேயர்களுக்கும் உள்ளூர் கவுன்சில் தலைவர்களுக்கும் போகும்.

ஆனால் யார் கையெழுத்துப் போட்டாலும், பணம் வரும் வழி இதே இரண்டுதான். மானியம் குறையும்போது அந்தச் சுமை வீட்டு பில்லுக்கு வரும். அதைத் தாங்க முடியாத ஊரில் போலீஸ் எண்ணிக்கை குறையும். கமிஷனரை மாற்றுவதைவிட, இந்தக் கணக்கை மாற்றுவதுதான் கஷ்டம்.