நகரத்தார் காக்கும் கால்நடைச் செல்வம்

நகரப் பூங்கா என்றவுடன் மலர்ப் பாத்திகளும் சிறுவர் ஊஞ்சலுமே நம் நினைவுக்கு வருகின்றன. மாட்டுத் தொழுவமும் ஆட்டுப் பட்டியும் கொண்ட பூங்கா ஒன்று இங்கிலாந்தில், கம்பளித் துணிக்குப் பெயர் பெற்ற லீட்ஸ் நகரில் உள்ளது. ஏறத்தாழ 1,500 ஏக்கர் பரப்புள்ள டெம்பிள் நியூஸம் என்பதே அது.

அங்குள்ள மாளிகை பதினாறாம் நூற்றாண்டில் தோன்றியது. ஸ்காட்லாந்து அரசி மேரியின் கணவர் டார்ன்லி பிரபு 1545இல் அங்கேதான் பிறந்தார். தனியார் குடும்பச் சொத்தாக இருந்த இதனை எட்வர்டு வுட் என்பவர் 1922இல் சொற்ப விலைக்கு லீட்ஸ் மாநகராட்சிக்கு விற்றார். மாளிகையையும் தோட்டத்தையும் அழியாமல் காக்கவேண்டும் என்று நிபந்தனையும் விதித்தார். பின்னர் இர்வின் பிரபு என்னும் பெயரில் இந்திய வைசிராயாக வந்து, 1931இல் காந்தியடிகளுடன் உடன்படிக்கை செய்துகொண்டவர் இவரே.

மாளிகையை அடுத்த பழைய பண்ணையில் 1694இல் கட்டிய களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அருகிவரும் உள்நாட்டு மாடு, ஆடு, பன்றி இனங்கள் அப்பண்ணையில் வளர்க்கப்படுகின்றன. வெண்ணிற உடலும் கருநிறக் காதுகளும் கொண்ட வேய்னால் மாடு அவற்றுள் ஒன்று.

இவற்றைக் காப்பானேன்? அதிகப் பாலும் இறைச்சியும் தரும் சில இனங்களையே சந்தை விரும்பிற்று. மற்றவை கைவிடப்பட்டன. 1900க்கும் 1973க்கும் இடையே பிரிட்டனில் 26 உள்நாட்டு இனங்கள் அடியோடு அழிந்தன. அருகிய இனங்களைக் காக்கும் அறநிலையம் 1973இல் அங்கே நிறுவப்பட்டது. கடுங்குளிரைத் தாங்குதல், தரம் குறைந்த புல்லைத் தின்று வாழ்தல் போன்ற பழைய இனங்களின் குணங்கள் பிற்காலத்தில் தேவைப்படலாம் அல்லவா?

காக்கும் முறையிலும் கவனம் வேண்டும். சிறிய மந்தையில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால் கன்றுகள் நலிவுறும். ஆகவே வம்சாவளிப் பதிவேடு வைத்து, உறவில்லாத காளையை வேறு மந்தையிலிருந்து வருவித்தல் அவசியம். ஒரே நோயால் இனம் முழுவதும் மடியாதிருக்க, மந்தைகளை வெவ்வேறு இடங்களில் வைத்தலும் நன்று.

இரண்டாவது உலக யுத்த காலத்தில் இப்பூங்காவின் ஒரு பகுதியில் நிலக்கரிக்காகச் சுரங்கம் தோண்டினர். தோண்டிய நிலம் பின்னர் நிரப்பப்பட்டது; இன்று அங்கே புல் முளைத்திருக்கிறது. அழிந்த இனத்தை அவ்வாறு மீட்க முடியாது.

இன்றைய சந்தையில் இலாபம் தராத ஒன்றைத் தனி ஒருவர் நெடுநாள் பேணுதல் அரிது. பலர் கூடிப் பொதுச் சொத்தாக ஏற்றால் அது இயலும். கைவிடப்படும் விதையையும் நெசவு வகையையும் பற்றி முடிவு செய்யுமுன் அங்கத்தினர்களாகிய நாம் இதை எண்ணிப் பார்ப்போமாக.