பழைய தனியாள் கணினிகளில் செயலி மேம்பாட்டு அட்டைகளின் பொருந்துதிறன்: ஸ்லாட் 1 தாய்ப்பலகைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பழைய கணினி ஒன்றின் செயலியை மட்டும் மாற்றி அதன் வேகத்தைக் கூட்ட உதவுவன செயலி மேம்பாட்டு அட்டைகள். அட்டை ஸ்லாட்டில் பொருந்திவிட்டால் செயலியும் இயங்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வடிவப் பொருத்தம், மின்னழுத்தம், கடிகாரத் துடிப்பு, பயாஸ் ஆகிய நான்கு நிலைகளிலும் தாய்ப்பலகை ஏற்றுக்கொண்டால்தான் மேம்பாடு நிறைவேறும் என்பதை இக்கட்டுரை 1997 முதல் 2001 வரையிலான இன்டெல் செயலிகளைக் கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செயலி, மேம்பாட்டு அட்டை, தாய்ப்பலகை, ஸ்லாட் 1, சாக்கெட் 370, பயாஸ்

முன்னுரை

கணினி முழுவதையும் மாற்றாமல் செயலியை மட்டும் மாற்றும் முயற்சி தனியாள் கணினியின் தொடக்ககாலம் முதலே இருந்து வந்துள்ளது. 8088 செயலியுடன் வந்த ஐ.பி.எம். கணினிகளில் 80386 செயலியைப் பயன்படுத்தும் பொருட்டு, 1980களின் பிற்பாதியில் இன்டெல் நிறுவனமே ‘இன்போர்டு 386’ என்னும் அட்டையை வெளியிட்டது.

இன்று இத்தகைய கணினிகளைப் பேணுவோருக்குப் பழமைப் பற்று மட்டுமே காரணமன்று. ஐ.எஸ்.ஏ. வகை இடைமுக அட்டை வழியாக இயங்கும் ஆய்வகக் கருவிகளைப் புதிய கணினிகளில் நேரடியாக இணைக்க இயலாது. அத்தகைய கருவிக்குத் துணைநிற்கும் கணினி பழுதுற்றால் கருவியும் பயனற்றுப் போகும். எனவே, தவறான அட்டையைத் தேர்ந்தெடுப்பதால் நேரும் இழப்பு அட்டையின் விலையோடு முடிந்துவிடுவதில்லை.

வடிவப் பொருத்தம்

1997இல் வெளிவந்த பென்டியம் 2 செயலி, 242 தொடுமுனைகள் கொண்ட ஸ்லாட் 1 அமைப்பைப் பயன்படுத்தியது. 1999இன் தொடக்கத்தில் செலரான் செயலி 370 ஊசிகளைக் கொண்ட சாக்கெட் 370 வடிவத்தில் வந்தது. இவ்வடிவச் செயலியை ஸ்லாட் 1 பலகையில் பொருத்த உதவும் இணைப்பு அட்டை ‘ஸ்லாக்கெட்’ எனப்பட்டது.

சாக்கெட் 370 என்னும் பெயர் ஒன்றாயினும் அதில் அமரும் செயலிகள் ஒன்றல்ல. மெண்டசினோ, காப்பர்மைன், டுவாலட்டின் ஆகிய மூன்று தலைமுறைகளும் 370 ஊசிகளையே கொண்டவை. ஆயினும் ஒவ்வொரு தலைமுறையிலும் சில ஊசிகளின் பணி மாற்றப்பட்டது. எனவே மெண்டசினோவுக்கென உருவான ஸ்லாக்கெட்டில் காப்பர்மைன் அமரும், இயங்காது. டுவாலட்டின் செயலியிலோ பாட்டைச் சைகையின் மின்னழுத்தமும் 1.5 வோல்ட்டிலிருந்து 1.25 வோல்ட்டாகக் குறைந்தது. வடிவப் பொருத்தம் முதல் நிபந்தனை மட்டுமே என்பது இதனால் பெறப்படும்.

மின்னழுத்தம்

முதல் பென்டியம் 2 செயலிகளின் உள்ளகம் 2.8 வோல்ட்டில் இயங்கியது. மெண்டசினோவுக்கு 2.0 வோல்ட் தேவைப்பட்டது. காப்பர்மைன் செயலிகளுள் பெரும்பாலானவற்றுக்கு 1.5 முதல் 1.75 வோல்ட்டே போதுமானதாயிற்று. செயலி தனக்குரிய அளவை ஐந்து ஊசிகளின் வழியாகக் குறியீடாகத் தெரிவிக்கும். தாய்ப்பலகையின் மின்னழுத்தச் சீராக்கி அதன்படி வழங்கும். தொடக்ககால ஸ்லாட் 1 பலகைகள் பலவற்றின் சீராக்கிகள் 1.8 வோல்ட்டுக்குக் கீழே செல்வதில்லை. தன்னால் வழங்க இயலாத அளவு கோரப்படும்போது பலகை பொதுவாக இயங்காது நின்றுவிடும்.

ஸ்லாக்கெட்டிலுள்ள இணைப்பூசிகளை மாற்றி, உயர்ந்த மின்னழுத்தத்தைக் கோரச் செய்வது ஒரு குறுக்குவழி. 1.65 வோல்ட்டுக்கென அமைந்த செயலிக்கு 1.8 வோல்ட் வழங்கினால் மின்னழுத்தம் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். செயலியின் இயக்க மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வெப்பம் ஏறத்தாழ 19 விழுக்காடு மிகும். தனக்கெனச் சீராக்கியைத் தானே கொண்ட அட்டை இதனினும் பாதுகாப்பானது.

கடிகாரத் துடிப்பு

செயலியின் வேகம், பாட்டையின் துடிப்பையும் பெருக்கி எண்ணையும் பெருக்கக் கிடைப்பது. இங்குப் பேசப்படும் செலரான், பென்டியம் 3 செயலிகளில் பெருக்கி எண் நிலையாகப் பூட்டப்பட்டுள்ளது. 1997இல் வந்த 440எல்.எக்ஸ். சில்லுத் தொகுதி 66 மெகாஹெர்ட்ஸ் பாட்டையையே ஏற்கும். 1998இல் வந்த 440பி.எக்ஸ். 100 மெகாஹெர்ட்ஸையும் ஏற்கும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டையும் பெருக்கி 6உம் கொண்ட 600 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 செயலியை 440எல்.எக்ஸ். பலகையில் பொருத்தினால் அது 400 மெகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். 66 மெகாஹெர்ட்ஸ் பாட்டைக்கென அமைந்த, பெருக்கி 8 உடைய 533 மெகாஹெர்ட்ஸ் மெண்டசினோ செலரானோ அதே பலகையில் தன் முழுவேகத்தையும் எட்டும். அதற்குரிய 2.0 வோல்ட்டையும் அப்பலகை வழங்கவல்லது. ஆக, தலைமுறையால் முந்திய செயலியே இப்பலகைக்கு ஏற்ற மேம்பாடாகிறது.

பயாஸின் ஏற்பு

கணினி தொடங்கும்போது பயாஸ் செயலியின் அடையாள எண்ணைப் படித்து, அதற்குரிய நுண்குறிமுறைத் திருத்தங்களை ஏற்றுகிறது. மெண்டசினோவின் மாதிரி எண் 6, காப்பர்மைனுடையது 8, டுவாலட்டினுடையது 11. இவ்வெண்ணை அறியாத பழைய பயாஸ் செயலியின் பெயரைத் தவறாகக் காட்டலாம், தொடங்காமலே நிற்கலாம். இரண்டாம் நிலை இடைநினைவகத்தை இயக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. அந்நிலையில் கணினி பிழையின்றி இயங்குவதுபோல் தோன்றினும் வேகம் பெரிதும் குன்றும். ஆதலின் அட்டையைப் பொருத்துவதற்கு முன்பே, பழைய செயலி இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்தல் வேண்டும்.

தொழில்நுட்பத் தடை ஏதுமின்றியும் இந்நிலையில் தடை எழக்கூடும். 1999 சனவரியில் வெளிவந்த ஆப்பிளின் நீல-வெள்ளை நிறப் பவர் மேக்கின்டாஷ் ஜி3 கணினிக்கு அதே ஆண்டில் நிலைபொருள் புதுப்பிப்பு ஒன்று வழங்கப்பட்டது. அதை ஏற்ற கணினிகள் ஜி4 செயலியுடன் தொடங்க மறுத்தன. மேம்பாட்டு அட்டை நிறுவனங்கள் மாற்று மென்பொருளால் அத்தடையை நீக்கியபின் அதே கணினிகளில் ஜி4 இயங்கியது. வன்பொருளின் இயல்திறனும் தயாரிப்பாளரின் இசைவும் வெவ்வேறானவை என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

மேம்பாட்டின் எல்லை

நான்கு நிலைகளிலும் பொருந்திய செயலியும் பலகையின் நினைவக வேகத்தை மாற்றுவதில்லை. 100 மெகாஹெர்ட்ஸில் 8 பைட் அகலத்துடன் இயங்கும் நினைவகம் நொடிக்கு உச்ச அளவாக 800 மெகாபைட் தரவையே வழங்கும். செயலியின் வேகம் மும்மடங்கானாலும் இவ்வளவு மாறாது. இடைநினைவகத்திற்குள் அடங்கும் கணக்கீடுகள் மிகுந்த பயன் பெறும். பெருந்தரவைத் தொடர்ந்து கையாளும் பணிகள் குறைந்த பயனே பெறும்.

முடிவுரை

செயலி மேம்பாட்டு அட்டையின் பொருந்துதிறன் அட்டைக்கு மட்டும் உரிய பண்பன்று; அட்டைக்கும் பலகைக்கும் இடையிலான உறவு அது. எனவே தேர்வு பலகையிலிருந்தே தொடங்க வேண்டும். அதன் சில்லுத் தொகுதி, சீராக்கி வழங்கும் மிகக் குறைந்த மின்னழுத்தம், ஏற்கும் பாட்டைத் துடிப்பு, பயாஸ் பதிப்பு ஆகிய நான்கையும் குறித்துக்கொண்ட பின்னரே செயலியை நாட வேண்டும். பலகை நிறைவேற்ற இயலாத தேவைகளையுடைய புதிய செயலியைவிட, அதன் எல்லைக்குள் முழுமையாக இயங்கும் முந்திய செயலியே சிறந்தது. மாற்றுக் கிடைக்காத ஆய்வகக் கணினிகளைப் பொறுத்தவரை இவ்வரிசைமுறை தவிர்க்க இயலாத ஒன்றாகும்.