மழுங்கிப்போன ஒரு போல்ட்டை எப்படிக் கழற்றுவது?

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு போல்ட்டைப் பற்றித்தான். கார் இன்ஜின்ல துருப்பிடிச்சு இறுகி, ஸ்பேனர் போட்டுப் போட்டு தலையோட ஆறு மூலையும் மழுங்கி, இப்போ எதை மாட்டினாலும் வழுக்குற போல்ட். பழைய கார் ஒண்ணு வாங்கி, அபார்ட்மென்ட் பார்க்கிங்லயே சின்னச் சின்ன வேலை பார்க்க ஆரம்பிச்சிருக்கீங்கன்னா, என்னைக்காவது ஒரு நாள் இவரைச் சந்திப்பீங்க.

உதாரணத்துக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடிச்சிருக்கிற ஒரு எம்8 போல்ட்டை எடுத்துக்குவோம். அதாவது 8 மி.மீ. தடிமன். ஜப்பானிய கார்களில் இதன் தலை பெரும்பாலும் 12 மி.மீ. இருக்கும், ஐரோப்பிய கார்களில் 13 மி.மீ. போல்ட் சில்லறைக் காசுதான். ஆனா அது இறங்கியிருப்பது அலுமினிய சிலிண்டர் ஹெட்டுக்குள்ள. போல்ட் உடைஞ்சு, அதை எடுக்கப் போய் ஹெட்டில் மரை போச்சுன்னா, ஹெட்டையே கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான். அதனால நாம காப்பாத்த வேண்டியது போல்ட்டை இல்ல, அது இருக்கிற ஓட்டையை. மீதி எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருது.

ஏன் இப்படி இறுகுது?

முதல் காரணம் துரு. இரும்பு துருவா மாறும்போது அதோட கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல பெருசாகும். மரைகளுக்கு நடுவில் இருக்கிற இடுக்கோ தலைமுடியளவு. அதுக்குள்ள துரு வீங்கினா ஆப்பு அடிச்ச மாதிரி ஆயிடும்.

இரண்டாவது, உலோகச் சண்டை. எஃகு போல்ட், அலுமினிய ஹெட், நடுவில் கொஞ்சம் உப்புத் தண்ணி. இது ஒரு குட்டி பேட்டரி. இதில் கரையுறது அலுமினியம். வெள்ளைப் பொடியா மாறி மரையை அடைச்சுக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரம் நிக்கிற கார்களுக்கும், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார்களுக்கும் இது நல்லாவே பொருந்தும்.

மூன்றாவது, சூடு. எக்ஸாஸ்ட் பக்கம் ஒவ்வொரு ஓட்டத்திலும் சில நூறு டிகிரி வரை ஏறி இறங்கும். பத்து வருஷம் இப்படி வெந்து வெந்து ஆறினா, துரு கல்லு மாதிரி கெட்டியாகிடும்.

தலை மழுங்குறதுக்குக் காரணம் பெரும்பாலும் டூல்தான். 12 மூலை உள்ள சாக்கெட் போல்ட்டோட மூலைகளைத்தான் பிடிக்கும். 6 மூலை சாக்கெட் பக்கவாட்டுத் தட்டைகளைப் பிடிக்கும். இறுகின போல்ட்டுக்கு எப்பவும் 6 மூலைதான். 12 மி.மீ. தலையில் அரை இன்ச் ஸ்பேனர், அதாவது 12.7 மி.மீ., "கிட்டத்தட்ட பொருந்துதே"ன்னு போட்டா மூலை காலி.

முதல் வேலை: நிறுத்துவது

ஸ்பேனர் ஒரு தடவை வழுக்கினதுமே கையை எடுத்துடுங்க. இரண்டாவது தடவை வழுக்கும்போது மிச்சமிருக்கிற மூலையும் போயிடும்.

"நீளமா ஒரு பைப் மாட்டி மிதிச்சா வந்துடும்"னு யாராவது சொல்வாங்க. கணக்கு போட்டுப் பார்க்கலாம். எம்8 போல்ட்டை இறுக்க சுமார் 20-25 நியூட்டன் மீட்டர் போதும். அரை மீட்டர் பைப்பில் 20 கிலோ எடைக்குச் சமமா அழுத்தினா, அது கிட்டத்தட்ட 100 நியூட்டன் மீட்டர். நாலு மடங்கு. போல்ட் வராது, தலைதான் கையோட வரும்.

நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னா, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் முன்னாடி "இதை ரோல்பேக் பண்ண முடியுமா?"ன்னு கேளுங்க. முடியுறதை முதலில், முடியாததைக் கடைசியில்.

எண்ணெய், தட்டல், பொறுமை

இன்ஜின் ஆறினதும் வயர் பிரஷ்ஷால் போல்ட்டைச் சுத்தி நல்லா தேய்ச்சு, துருவை இளக்குற பெனட்ரேட்டிங் ஆயில் அடிங்க. எல்லார் வீட்டிலும் இருக்கிற டபிள்யூடி-40 பற்றி ஒரு தகவல்: 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், ஈரத்தை விரட்டத்தான் அதை உருவாக்கினாங்க. பேரே "வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட், 40வது ஃபார்முலா"தான். அவசரத்துக்கு உதவும். ஆனா இந்த வேலைக்குன்னே தனியா விக்கிற பெனட்ரேட்டிங் ஆயில் இதைவிட நல்லா உள்ளே இறங்கும்.

அடிச்சதும் உடனே திருகாதீங்க. ராத்திரி முழுக்க ஊறட்டும். நடுநடுவே சுத்தியலால் போல்ட் தலையில் நேரா, மிதமா பத்து இருபது தட்டு தட்டுங்க. அந்த அதிர்வில் துருவில் மெல்லிய விரிசல் விழும், அது வழியா எண்ணெய் இறங்கும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்னு சொல்றது இங்க நிஜமாவே வேலை செய்யும்.

திருகும்போது முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைச்சுப் பாருங்க. அப்புறம் கழற்றும் பக்கம். கொஞ்சம் அசைஞ்சதும் ஒரே மூச்சில் சுத்திடாதீங்க. கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி எண்ணெய், மறுபடி வெளியே. பாதி வழியில் இறுகினா துருத்தூள் மரையில் சேருதுன்னு அர்த்தம்.

மழுங்கின தலையைப் பிடிப்பது

எளிய வழி, கொஞ்சம் சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் அடிச்சு மாட்டுறது. 13 மி.மீ. தலை மழுங்கியிருந்தா அரை இன்ச் 6 மூலை சாக்கெட் கச்சிதமா இறுகும். அடுத்தது எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். உள்பக்கம் சுருள் சுருளா பல் இருக்கும், திருகத் திருக தலையைக் கடிச்சுப் பிடிக்கும். மழுங்கின தலைக்கு வீட்டு டூல்பாக்ஸில் இதைவிட நல்ல ஆயுதம் இல்லை. சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பக்கம் செட்டாவே கிடைக்கும். இடம் இருந்தா, எதிரெதிர் இரண்டு பக்கத்தை அரத்தால் ராவி தட்டையாக்கி, வைஸ் கிரிப்பால் கவ்வலாம்.

சூடு

அலுமினியம் எஃகைவிட கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 8 மி.மீ. ஓட்டையை 100 டிகிரி அதிகம் சூடாக்கினா, போல்ட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவில் சுமார் 9 மைக்ரான் இடைவெளி கூடும். தலைமுடித் தடிமனில் ஒரு சின்னப் பங்குதான். ஆனா துருவோட பிடியை உடைக்க அது போதும். அதனால ஹாட் ஏர் கன்னால் போல்ட்டைச் சுத்தியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்க.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம் இருக்கு. அடிச்ச எண்ணெயை முழுசா துடைக்காம சூடு காட்டாதீங்க, பற்றிக்கும். பெட்ரோல் லைன் பக்கத்தில் இருந்தா இந்த ஸ்டெப்பே வேண்டாம். இரண்டாவது, குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடிச்ச இடத்தில் நெருப்போ வெல்டிங்கோ காட்டினா ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உருவாகலாம். முதல் உலகப் போரில் ஆயுதமா பயன்படுத்தின வாயு அது.

தலையே போச்சுன்னா?

கேட்க விநோதமா இருக்கும், ஆனா தலை போறது சில நேரம் நல்லதுதான். போல்ட்டை இறுக்க நாம கொடுக்கும் முறுக்கில் சுமார் 50 சதவீதம் தலைக்கு அடியில் உராய்விலும், 40 சதவீதம் மரை உராய்விலும் போகுது. மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்குது. தலை போனதும் அந்த இழுவிசை விடுபட்டுடும். மேனிஃபோல்டை வெளியே எடுத்தா ஒரு துண்டு நீட்டிக்கிட்டு நிக்கும். பல நேரம் அது வைஸ் கிரிப்புக்கே அசைஞ்சு கொடுக்கும். அதனாலதான் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சில சமயம் தலையை வேணும்னே டிரில் பண்ணி எடுக்கிறாங்க.

நீட்டிக்கிட்டு இல்லைன்னா, அடுத்த வழி வெல்டிங். உடைஞ்ச துண்டு மேல ஒரு நட்டை வெச்சு, நட்டோட ஓட்டை வழியா வெல்டு வைப்பாங்க. புது தலையும் கிடைக்கும், போல்ட்டுக்கு நல்ல சூடும் கிடைக்கும். எஃகு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது என்பதால மரைக்கும் பெரிய சேதம் இல்லை. பேட்டரியைக் கழற்றி வெச்சுட்டு, பழகின கைதான் இதைச் செய்யணும்.

பலரும் தப்பா பயன்படுத்துற டூல் ஈசி அவுட். போல்ட் நடுவில் டிரில் போட்டு உள்ளே திருகுற அந்த இடது சுருள். யோசிச்சுப் பாருங்க: 8 மி.மீ. எஃகையே முறிச்ச இறுக்கத்தை, 4 மி.மீ. கம்பி எப்படித் தாங்கும்? அது மிகக் கடினமான எஃகு, வளையாது, சட்டுன்னு உடையும். உள்ளே உடைஞ்சா சாதாரண டிரில் அதன் மேல் இறங்கவே இறங்காது. இறுகாம, தலை மட்டும் முறிஞ்ச போல்ட்டுக்குத்தான் அது சரி.

கடைசி வழி, நட்ட நடுவில் பஞ்ச் வெச்சு, 3 மி.மீ.யில் தொடங்கி படிப்படியா டிரில் போடுறது. இடது கை டிரில் பிட் கிடைச்சா இன்னும் நல்லது, துளைக்கும்போதே துண்டு வெளியே சுத்தி வர வாய்ப்பு இருக்கு. 6.8 மி.மீ. தாண்டினா ஹெட்டோட மரையில் கை வைக்கிறோம்னு அர்த்தம். மரை போனாலும் ஹெலிகாயில் போட்டு மீட்கலாம். ஆனா டிரில் கோணல் ஆச்சுன்னா அதுவும் கஷ்டம்.

திரும்ப மாட்டும்போது

பழைய போல்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு, அதே கிரேடு புது போல்ட் வாங்குங்க. டேப் விட்டு மரையைச் சுத்தம் பண்ணி, அதிக வெப்பம் தாங்கும் ஆன்டி சீஸ் கொஞ்சம் தடவுங்க. தடவினா உராய்வு குறையும், அதே டார்க்கில் போல்ட் அதிகமா இழுபடும். அதனால மேனுவலில் உலர்ந்த மரைக்குன்னு போட்டிருக்கிற அளவை அப்படியே வைக்காதீங்க, கொஞ்சம் குறைச்சுக்குங்க.

கடைசியா ஒண்ணு. எண்ணெய், எக்ஸ்ட்ராக்டர், ஹாட் ஏர் கன் வரைக்கும் நீங்களே முயற்சி பண்ணலாம். அதுக்கும் வரலைன்னா டிரில்லைக் கையில் எடுக்காம மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போங்க. முழுசா இருக்கிற மழுங்கின போல்ட்டை எடுக்கிறது அவருக்கு ஒரு வேலை. உள்ளே ஈசி அவுட் உடைஞ்ச போல்ட் வேற வேலை, வேற பில். மூணு மணி நேரம் கழிச்சு அவர் ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்து பணம் கேட்கும்போது, "ஒரு போல்ட்டுக்கா இவ்வளவு?"ன்னு பேரம் பேசாதீங்க. அவர் காப்பாத்திக் கொடுத்தது உங்க சிலிண்டர் ஹெட்டை.

கேள்வி இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் டார்க் ரென்ச் பற்றிப் பேசலாம்.