சனிக்கிழமை போட்ட மேக்கப்புக்குத் திங்கட்கிழமை அரிப்பது ஏன்?

வெள்ளிக்கிழமை மாலை பார்சல் வருகிறது. தள்ளுபடியில் எடுத்த ஃபவுண்டேஷன், பிரைமர், கூடவே இலவசமாக வந்த குட்டி சீரம் பாட்டில். சனிக்கிழமை தோழியின் வளைகாப்புக்கு மூன்றையும் போட்டுக்கொண்டு போயாச்சு. ஷேடு கச்சிதம். போட்டோவும் நல்லா வந்திருக்கு. ராத்திரி முகம் கழுவிப் பார்த்தால் ஒரு சின்னத் தடிப்புகூட இல்லை.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் கிளம்பும்போது கண் இமை லேசாக வீங்கியிருக்கிறது. கன்னத்தில் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு, விடாத அரிப்பு. "நேத்து சாப்பிட்ட இறால்தான்" என்கிறார் போனில் அம்மா. "இந்த பி.ஜி. தண்ணி ஒத்துக்கலடி" என்கிறார் ரூம்மேட். சனிக்கிழமை மேக்கப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதான் போட்டப்போ ஒண்ணும் ஆகலையே!

ஆனால் இந்த மூன்றில் முதலில் விசாரிக்க வேண்டியது அந்த மேக்கப்பைத்தான்.

எரிச்சல் வேறு, அலர்ஜி வேறு

புதிய பொருளைப் போட்டதும் சுள்ளென்று எரிந்தால் அது பெரும்பாலும் எரிச்சல். அமிலம் கலந்த சீரம், ஆல்கஹால் அதிகமுள்ள டோனர், முரட்டு ஸ்க்ரப் போன்றவை தோலின் மேலடுக்கை நேரடியாகப் புண்படுத்துகின்றன. சில நிமிடங்களில், அதிகபட்சம் சில மணி நேரங்களில் தெரிந்துவிடும். யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

அலர்ஜியின் வழி வேறு. மேக்கப்பில் உள்ள ஒரு சின்ன வேதிப்பொருள் தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தோலில் காவலுக்கு இருக்கும் செல்கள் அதை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், டி செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. இந்தப் பயிற்சிக்கு ஏறக்குறைய 10 நாள் முதல் 2 வாரம் ஆகும். சிலருக்கு வருடக்கணக்கில்கூட ஆகலாம். அதுவரை வெளியே எதுவும் தெரியாது. பயிற்சி முடிந்தபிறகு அதே வேதிப்பொருள் மறுபடி தோலைத் தொட்டால், டி செல்கள் கூட்டமாக வந்து சேர்ந்து வீக்கத்தையும் அரிப்பையும் உண்டாக்குகின்றன. அவை வந்து சேரவே பெரும்பாலும் 1 முதல் 3 நாள் ஆகிறது. சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் உள்ள இடைவெளி இதுதான்.

அப்படியென்றால் முதல்முறை போட்ட ஃபவுண்டேஷனுக்கு எப்படி அலர்ஜி வரும்? டப்பாதான் புதுசு. உள்ளே இருக்கும் வாசனைப் பொருளும் பிரிசர்வேட்டிவும் ஏற்கெனவே ஷாம்பூவிலோ, பாடி லோஷனிலோ, ஈரத் துடைப்புத் தாளிலோ அறிமுகமானவையாக இருக்கலாம். "மூணு வருஷமா இதே கிரீம்தான் போடுறேன், இது காரணமா இருக்காது" என்ற வாதமும் இதே காரணத்தால் நிற்காது. இரண்டு வருடம் சும்மா இருந்த தோல் மூன்றாவது வருடம் திரும்பிக்கொள்ளும்.

யூடியூபில் புதிய ஃபவுண்டேஷனைப் போட்டுக்கொண்டு '8 மணி நேர வியர் டெஸ்ட்' நடத்துவார்கள். ஃபவுண்டேஷன் வியர்வையில் நிற்கிறதா, உதிர்கிறதா என்பதற்கு அது நல்ல சோதனை. தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று 8 மணி நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

நகத்தில் பூசினால் இமை வீங்கும்

அலர்ஜியைக் கண்டுபிடிப்பதில் இன்னொரு குழப்பம், அது பொருளைப் பூசிய இடத்தில்தான் வரும் என்பதில்லை. தோல் மருத்துவப் பாடங்களில் அடிக்கடி வரும் உதாரணம் நெயில் பாலிஷ். நகம் கெட்டியானது, அதற்கு ஒன்றும் ஆகாது. அதே விரலால் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை கண்ணைத் தொடுகிறோம். உடம்பிலேயே மிக மெல்லிய தோல்களில் ஒன்று இமையுடையது. வீங்குவது அது. பாவம், ஐ லைனரைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

தலைமுடிச் சாயமும் இப்படித்தான். அதில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருளுக்கு அலர்ஜி இருந்தால், தலையைவிட நெற்றி ஓரம், காது, இமைகள்தான் முதலில் வீங்குவதுண்டு. மீசை, தாடிக்குச் சாயம் பூசும் ஆண்களுக்கும் இது பொருந்தும். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒருவகை பீனால், சிலருக்குப் பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளைத் தழும்பையே உண்டாக்கிவிடுகிறது. இந்தியத் தோல் மருத்துவர்களுக்கு இது பழகிய பிரச்சினை.

பிரிசர்வேட்டிவ்களில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற நீளமான பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2013-ல் அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சி மருத்துவர்கள் சங்கம் அதை 'ஆண்டின் அலர்ஜிப் பொருள்' என்று அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விடும் அழகுசாதனங்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை போட்டது. வாசனைப் பொருள்கள் இன்னும் தொல்லை. பல வேதிப்பொருள்களின் கலவையை லேபிளில் 'பர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடலாம்.

லேபிளில் இருக்கும் நல்ல வார்த்தைகள்

'ஹைப்போஅலர்ஜெனிக்' என்று போட்டிருந்தால் நம்பலாமா? இதற்கு ஒரு நீதிமன்றக் கதை உண்டு. 1975-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. போட்டிப் பொருள்களைவிடக் குறைவான பேருக்கே அலர்ஜி வருகிறது என்று மனிதர்களிடம் சோதித்து நிரூபித்தால்தான் அந்த வார்த்தையைப் போடலாம் என்றது விதி. இரண்டு அழகுசாதன நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. அன்றிலிருந்து அமெரிக்காவில் அந்த வார்த்தைக்குச் சட்டப்பூர்வ அர்த்தம் கிடையாது. வார்த்தை மட்டும் உலகம் முழுக்க டப்பாக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

'நான்-காமடோஜெனிக்', அதாவது துவாரத்தை அடைக்காது, பரு வராது என்பதும் இந்த ரகம்தான். அழகுசாதனத்தால் வரும் பருவை 1972-ல் கிளிக்மேன், மில்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்தார்கள். எந்தப் பொருள் துவாரத்தை அடைக்கும் என்று அந்தக் காலத்தில் சோதித்தது முயலின் காதில். மனிதக் கன்னத்துக்கு அது அப்படியே பொருந்தாது. இந்த வகைப் பரு மெதுவாக, வாரக்கணக்கில் வரும். அதனால் போன மாதம் மாற்றிய பிரைமர்மேல் சந்தேகமே வராது.

"அது பர்ஜிங், தோல் கிளீன் ஆகுது, விட்டுடாதே" என்று சொல்லும் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. ரெட்டினாய்டு, சில அமில சீரம்கள் போன்றவை தோல் செல்கள் உதிர்ந்து புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டுவதால் முதல் சில வாரம் பரு கிளம்புவது உண்மைதான். ஃபவுண்டேஷனுக்கும் சன்ஸ்கிரீனுக்கும் பர்ஜிங் கிடையாது. அரிப்பும் வீக்கமும் எந்தப் பொருளிலும் பர்ஜிங் இல்லை.

சிவக்காத தோல்

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் "சிவந்தால் நிறுத்துங்கள்" என்கின்றன. வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதியவை அவை. மாநிறத்திலும் கருப்பிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அரிப்பு, சொரசொரப்பு, இழுத்துப் பிடித்தது போன்ற உணர்வு, லேசாகக் கருத்த திட்டு, இவைதான் நம் தோலின் அறிகுறிகள். அழற்சி அடங்கிய பிறகும் அந்த இடத்தில் கருமை மாதக்கணக்கில் தங்கிவிடும்.

சிலருக்கு அரிப்பே இல்லாமல், கன்னமும் நெற்றியும் மெல்ல மெல்லச் சாம்பல் கலந்த பழுப்பாக மாறும். இதுவும் ஒருவகை அலர்ஜிதான். குங்குமத்தில் உள்ள சாயங்களாலும் வாசனைப் பொருள்களாலும் இது வரலாம். "வெயில்ல அலைஞ்சு கருத்துட்டே" என்று வீட்டில் சொல்வார்கள். கருமையை மறைக்க கன்சீலர் இன்னும் தடிமனாக ஏறும், மேலே ஒரு பிரைட்டனிங் சீரம் சேரும். காரணமான பொருளும் அந்த அடுக்கிலேயே தினமும் தொடர்ந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் பெரிய ஆபத்து நுழைகிறது. தெருமுனை மருந்துக்கடையில் "முகத்துல அரிப்பு, ஏதாவது கொடுங்கண்ணா" என்று கேட்டால் ஒரு சின்ன ட்யூப் கிடைக்கும். தடவிய இரண்டே நாளில் அரிப்பு போய்விடும், நிறமும் சற்று வெளுத்தது போலிருக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு. நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும், அதனால் மறுபடி தடவுவார்கள். மாதங்கள் போனால் தோல் மெலியும், நுண் ரத்தக்குழாய்கள் தெரியும், பருவும் முடியும் முளைக்கும், வெயிலில் நின்றாலே எரியும். ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. சீட்டு கேட்காத கடைகள் இன்னும் இருக்கின்றன. மாதக்கணக்கில் ஏற்கெனவே தடவிக்கொண்டிருப்பவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக நிறுத்துவது நல்லது.

வாங்கியாச்சு, எப்படிப் போட்டுப் பார்ப்பது?

ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள். மூன்றையும் சேர்த்துப் போட்டால் குற்றவாளி யாரென்று தெரியாமல் மூன்றையும் தூக்கிப் போட வேண்டியிருக்கும், காசும் போச்சு. முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய இடத்தில், காலையும் இரவும், 7 முதல் 10 நாள் தடவிப் பாருங்கள். கடையில் புறங்கையில் ஒருமுறை தேய்த்துப் பார்ப்பது ஷேடு பார்க்க மட்டுமே உதவும். ஃபேஸ்வாஷ் போன்ற கழுவும் பொருள்களை வழக்கம்போலச் சில நிமிடங்களில் கழுவிவிட வேண்டும், அப்படியே விட்டால் எவருக்கும் எரியும். தலைச்சாயத்துக்கு டப்பாவிலுள்ள முறையைப் பின்பற்றி 48 மணி நேரம் முன்பே சோதிக்க வேண்டும்.

கல்யாணப் பெண்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் வைக்கும் மேக்கப் டிரையல், நிறத்தையும் ஸ்டைலையும் மட்டுமே உறுதிசெய்யும். அலர்ஜியைக் கண்டுபிடித்து, ஆற்றி, மாற்றுப் பொருள் தேட குறைந்தது 3, 4 வாரம் கையில் வேண்டும். மேக்கப் ஆர்ட்டிஸ்டிடம் "என்னென்ன பொருள் போடுவீங்க அக்கா" என்று முன்கூட்டியே பட்டியல் கேட்பதில் தப்பே இல்லை. அந்த வாரத்தில் புது ஃபேஷியல், புது ப்ளீச் எதுவும் வேண்டாம்.

தோல் கிளர்ந்துவிட்டால் எல்லா மேக்கப்பையும், சீரம்களையும் நிறுத்திவிட்டு மென்மையான கிளென்சர், வாசனை இல்லாத மாய்ஸ்ச்சரைசர் இவற்றோடு மட்டும் சில வாரம் விட்டுவிடலாம். எலுமிச்சையும் கஸ்தூரி மஞ்சளும் வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளமும் கருமையும் வரும், மஞ்சளுக்கே அலர்ஜி உள்ளவர்களும் உண்டு. கண் மூடும் அளவு வீக்கம் இருந்தாலோ நீர் வடிந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். உதடு, நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் எழுதுவார். 1895-ல் யாடசோன் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை, இன்றும் அடிப்படை அதுவே. பொதுவான அலர்ஜிப் பொருள்களைச் சின்னச் சின்ன வட்டங்களில் வைத்து மேல்முதுகில் ஒட்டுவார்கள். திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை எடுத்துப் பார்ப்பார்கள், தாமதமாக வருவதைப் பிடிக்க வியாழன் அல்லது வெள்ளி மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்த்துக் கொட்டினால் ஒட்டு கழன்றுவிடும். அதனால் சித்திரை வெயிலுக்கு இது சரிப்படாது, ஆபீசிலும் ஒரே வாரத்தில் மூன்று முறை பர்மிஷன் கேட்க வேண்டியிருக்கும். போகும்போது வீட்டில் உபயோகிக்கும் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தலைக்கு வைக்கும் எண்ணெய், நெயில் பாலிஷ், பொட்டு அட்டை உட்பட. சின்ன டப்பாக்களுக்குப் பொருள்களின் பட்டியல் பல நேரம் வெளி அட்டைப்பெட்டியில்தான் அச்சாகியிருக்கும். வெள்ளிக்கிழமை பார்சலின் பெட்டிகள் குப்பைக்கூடையில் இன்னும் கிடந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.