தக்காளித் தோட்டத்தில் ஓர் ஒற்றன்

பாலக்கோடு, இராயக்கோட்டை, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் பேருந்துப் பயணம் செய்வோர், தக்காளிப் பயிருக்குச் சற்று மேலே குச்சிகளில் பிளாஸ்டிக் புனல்கள் தொங்குவதைக் கண்டிருக்கலாம். புனலின் கீழே ஒரு நீண்ட பாலித்தீன் பை. மேலே ஒரு மூடி. இதுவே இனக்கவர்ச்சிப் பொறி. இதனை மாட்டிவிட்டால் பயிர் பிழைத்துவிடும் என்று நம்புவோர் உண்டு. இது வெறும் வேடிக்கை என்று தள்ளுவோரும் உண்டு. இரண்டுமே சரியன்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பகைவனை அறிவோம். தக்காளியைத் தாக்கும் அந்துப்பூச்சிகளுள் முதன்மையானது காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி. விலங்கியலார் இதனை ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா என்பர். பருத்தி, துவரை, கொண்டைக்கடலை ஆகியவற்றையும் இது விட்டுவைப்பதில்லை. பெண் பூச்சி இரவில் இலைகளில் முட்டைகளைத் தனித்தனியாக இடும். மூன்று, நான்கு நாட்களில் புழு வெளிவரும். சிறிது காலம் இலையைச் சுரண்டித் தின்றபின் காயைத் துளைக்கும். தலையை உள்ளே நுழைத்து, பின்னுடலை வெளியே நீட்டியபடி தின்னும். ஒரு காயோடு நில்லாமல் அடுத்த காய்க்கும் தாவும். காய்க்குள் புகுந்த புழுவை மருந்து எளிதில் எட்டாது. மேலும் மேலும் தெளித்தால் என்ன ஆகும் என்பதை, 1987-இல் ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதிப் பருத்தி உழவர்கள் அனுபவித்து அறிந்தார்கள். மருந்துக்குப் பழகிப்போன புழுக்கள் சாகவில்லை. கடன் மட்டுமே மிஞ்சியது.

ஆகவே புழு காய்க்குள் புகுமுன் உள்ள அந்தச் சில நாட்களே உழவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அந்த நாட்கள் எப்போது தொடங்குகின்றன என்பதை யார் சொல்வது? இங்கேதான் பொறி வருகிறது.

பெண் அந்துப்பூச்சி தன் உடலின் நுனியிலுள்ள சுரப்பியிலிருந்து ஒருவகை மணத்தைக் காற்றில் விடுகிறது. ஆண் பூச்சி தன் உணர்கொம்புகளால் அதனை உணர்ந்து, காற்றை எதிர்த்துப் பறந்து வந்து சேர்கிறது. ஜெர்மானிய வேதியியலார் புட்டெனாண்ட், சுமார் 5 இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்து, 1959-இல் அதன் அமைப்பை வெளியிட்டார். அதற்கு அவர் செலவிட்டது ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! பெரோமோன் என்ற சொல்லும் அதே ஆண்டில்தான் பிறந்தது. இன்று இவ்வகைப் பொருள்களை ஆய்வுக்கூடத்திலேயே செய்து, சிறு ரப்பர் குப்பியில் ஊறவைத்து விற்கிறார்கள். உழவர் இதனை ‘லூர்’ என்கின்றனர். பொறியின் மூடிக்கடியில் இதனைச் செருகினால், பெண்ணைத் தேடிவரும் ஆண் புனலில் இறங்கிப் பைக்குள் விழுந்துவிடும்.

விழுவது ஆண் மட்டுமே என்பதை நன்கு கவனிக்க வேண்டும். ஒரு வயலில் 100 ஆணும் 100 பெண்ணும் இருப்பதாகக் கொள்வோம். பொறிகள் 50 ஆண்களைப் பிடித்துவிட்டன. முட்டைகள் பாதியாகக் குறையுமா? குறையா. ஓர் ஆண் பல இரவுகளில் பல பெண்களுடன் சேரக்கூடியது. எஞ்சிய 50 ஆண்களே 100 பெண்களுக்கும் போதும். இதுபோக, அடுத்த வயலில் கருவுற்ற பெண் பூச்சி பறந்து வந்து இங்கே முட்டையிடும். அதற்கு இந்த மணத்தால் தடையில்லை. வயலில் உண்மையான பெண்கள் பெருகிவிட்டாலோ, அவற்றோடு நம் ரப்பர் குப்பி போட்டியிட வேண்டியதாகிறது. கொலையாளி என்ற முறையில் இப்பொறிக்குப் பெரிய மதிப்பெண் தருவதற்கில்லை.

ஒற்றன் என்ற முறையிலோ இதற்கு நிகரில்லை. நாள்தோறும் காலையில் பையில் விழுந்தவற்றை எண்ணிக் குறித்து வரவேண்டும். எண்ணிக்கை திடீரென ஏறினால், முட்டையிடும் காலம் வந்துவிட்டது என்று பொருள். உடனே செடிகளில் முட்டைகளைத் தேடிப் பார்க்கலாம்; டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணியை விடலாம்; இளம்புழுக்களுக்கு நோயூட்டும் நச்சுயிரிக் கரைசலை, வெயில் அதனைக் கெடுக்காதபடி மாலையில் தெளிக்கலாம். எண்ணிக்கை ஏறாத நாட்களில், நாட்காட்டியைப் பார்த்துத் தெளிக்கும் வீண் செலவு மிச்சம். ஏக்கருக்கு ஐந்து பொறி வைப்பது வழக்கம். வைத்தபின் எண்ணாமல் விட்டுவிடுவதும், வருந்தத்தக்க வகையில், வழக்கமாகவே இருக்கிறது.

பெண் பூச்சிக்கு வேறொரு பொறி உண்டு, அது செண்டுமல்லி. பெண்கள் அதன் பூவை நாடி முட்டையிடுகின்றன. 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடுவது முறை. 40 நாள் வயதுள்ள செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே சமயத்தில் நட்டால், இரண்டும் ஒருங்கே பூக்கும்.

அண்மைக் காலத்தில் புதிய பகைவன் ஒருவனும் வந்துவிட்டான். டூட்டா அப்சலூட்டா என்னும் தென் அமெரிக்க ஊசிப்புழு 2006-இல் ஸ்பெயினிலும், 2014-இல் மகாராஷ்டிரத்திலும் காணப்பட்டு, பின் தமிழ்நாட்டிலும் பரவியது. காய்ப்புழுவின் லூர் இதனை ஈர்க்காது. இதற்குத் தனி லூர் வேண்டும். பொறியும் உயரத்தில் அன்று, தரையை ஒட்டிச் சோப்பு நீர்த் தட்டாக வைக்கப்படுகிறது. இப்பூச்சியின் பெண் சில வேளைகளில் ஆணின்றியே இனம்பெருக்கும் என்பதும் ஆய்வில் தெரிந்துள்ளது. அவ்வாறாயின், ஆணை மட்டும் பிடித்து இதனை ஒழிப்பது எங்ஙனம்?

லூரின் மணம் மூன்று, நான்கு வாரங்களில் மங்கிவிடும். அப்போது புதியதை மாற்ற வேண்டும். கழற்றிய பழைய குப்பியை வரப்பில் வீசுதல் கூடாது. அதில் எஞ்சிய மணத்தை நாடி ஆண் பூச்சிகள் அங்கே சுற்றும். பையில் விழுவது குறையும். மறுநாள் காலையில் எண்ணும் கணக்கும் பொய்யாகும்.