காரின் தரையைத் தின்னும் துரு



தாத்தா வாங்கிய மோரிஸ் மைனரோ, அப்பா ஓட்டிய வோக்ஸ்வாகன் பீட்டிலோ சில வீடுகளில் இன்னும் கூரையடியில் நிற்கிறது. இருக்கைகளுக்குப் புதுத் துணி தைத்து, கீழே புதுக் கம்பளம் விரித்து, அதை மறுபடி ஓட வைக்க ஆசைப்படுகிறோம். நல்ல ஆசைதான். ஆனால் கம்பளத்துக்குக் காசு கொடுக்குமுன் அதன் அடியிலுள்ள தரைத் தகட்டைப் பாருங்கள்.

தரை என்பது கால் வைக்கும் இடம் மட்டுமன்று. 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட மோரிஸ் மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். இருக்கைகள் அந்தத் தரையில்தான் முடுக்கப்பட்டுள்ளன. தரை இற்றுப்போனால், வண்டி மோதும்போது இருக்கை பெயர்ந்துவிடும். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் பிள்ளைகள்.

இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு பிறக்கும். கண்ணாடியைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் வழியே மழைநீர் கசிகிறது. கம்பளம் அதைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கிறது. உர மூட்டை ஏற்றிய வண்டியானால், சிந்திய பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு துருவை விரைவுபடுத்தும். பீட்டிலில் பேட்டரி பின்னிருக்கையின் அடியில் இருப்பதால், சிந்தும் அமிலம் அவ்விடத்தை அரிக்கும்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். இருக்கை, கம்பளம், ஒட்டியிருக்கும் தார் அட்டை எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு திருப்புளி முனையால் தகட்டை அழுத்திக் குத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்த இடம் போய்விட்டது என்று பொருள்.

மேலோட்டமான துருவானால், கண்ணுக்கும் மூக்குக்கும் மறைப்பு அணிந்து, கம்பித் தூரிகையால் பளபளக்கும் வரை தேயுங்கள். குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மருந்து பூசலாம். அது இரும்பின் மீது ஒரு காப்புப் படலத்தை விட்டுச்செல்லும். ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தை அதற்குப் பதிலாக ஊற்றாதீர்கள். அது இரும்பை அரிக்குமே தவிரக் காக்காது. நன்கு காய்ந்தபின் துருத்தடுப்புப் பூச்சும், அதன்மேல் சாயமும் பூசுங்கள். தகட்டின் அடிப்பக்கத்தையும் மறக்கக்கூடாது.

ஓட்டை விழுந்திருந்தால் தார், சிமெண்டு ஆகியவற்றால் மூடாதீர்கள். ஓட்டை மறையும், துரு அடியில் தின்றுகொண்டே இருக்கும். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள எஃகுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். கூரைத் தகரம் இதற்கு ஆகாது. அதன் துத்தநாகப் பூச்சு எரிந்தெழும் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

பற்றவைப்பதை அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் விடுங்கள். தரையடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடக்கூடும். அவற்றைப் பாதுகாத்த பிறகே நெருப்பு. வெட்டும்போது வண்டிக்கு முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்தபின் மறு பக்கத்தைத் தொடச் சொல்லுங்கள். இல்லையேல் உடல் தொய்ந்து கதவுகள் பொருந்தாமல் போகும்.

எல்லாம் முடிந்ததும் கண்ணாடிமீது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே சொட்டு விழுந்தால் பழைய ரப்பரை மாற்றுங்கள். சொட்டு நின்றபின் கம்பளம் விரியுங்கள். கம்பளம் கடைசி வேலை, நேயர்களே, முதல் வேலையன்று.